நிழல் ஆட்டமும் உடுப்பு ஆட்டமும்

வாசலுக்கு முதுகு காட்டி அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தென்காசியில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது அந்த வீடியோ கேம் கடை. டிவிகள் எல்லாம் வாசலுக்கு எதிர்ச் சுவரில் இருந்ததால், விளையாட வருகிறவன் எவனும் வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அக்கா மட்டும் ஒரு ஸ்டூலைத் தூணோரமாகக் குறுக்கே போட்டு, ஒரு கண் டிவியிலும் ஒரு கண் படிக்கட்டிலுமாக விளையாடுவாள். கழுத்து வலிக்காதா என்று ஒருநாள் கேட்டேன். "வலிக்கத்தான் செய்யும்" என்றாள்.

அக்கா என்று சொன்னாலும் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். கடைக்கு வரும் பையன்கள் அப்படிக் கூப்பிட்டார்கள், முதலாளியும் அப்படியே கூப்பிட்டார், எனக்கும் அதுவே வாயில் வந்தது. அவள் என்னை அண்ணாச்சி என்பாள். இதைக் கவனித்த ஒரு பையன், "ரெண்டு பேருமே மூத்தவங்கன்னா இங்க எளையவன் யாருவே?" என்று என்னிடம் கேட்டான். நான் பதில் யோசிப்பதற்குள், "எளையவன் நீதாம்லே. போய் மூணு டீ வாங்கிட்டு வா" என்றாள் அக்கா.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டம், கோயம்புத்தூரில் பேக்கரி என்று எங்கே போனாலும் ஆறு மாதத்தில் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். அப்படித்தான் ஒரு சீசனுக்குக் குற்றாலத்தில் லாட்ஜ் வேலைக்கு வந்தேன். அறை கூட்டுவது, வாளி தூக்குவது, எண்ணெய்ப் பிசுக்கான படிகளைத் தேய்ப்பது. லாட்ஜும் கேம் கடையும் ஒரே முதலாளியுடையவை. செங்கோட்டைக்காரர், வளைகுடாவில் பல வருடம் இருந்து திரும்பியவர். அருவியில் தண்ணீர் வற்றி லாட்ஜில் ஆள் குறைந்ததும், என்னைத் தென்காசிக் கடையில் கொண்டுவந்து விட்டார். ராத்திரி அங்கேயே படுத்துக்கொள்ளலாம், கரண்டு இருக்கிறவரை ஃபேன் உண்டு. எனக்கு அது போதும்.

எனக்கு ஒரு மாதம் முன்னால் அக்கா அங்கே வந்திருந்தாள். ஆள் தேவை என்ற அட்டையைப் பார்த்து, ஒரே ஒரு பையோடு படியேறி வந்து கேட்டாளாம். பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தால் பையன்கள் சண்டை போட மாட்டார்கள் என்று முதலாளியும் சேர்த்துக்கொண்டார். மேலகரத்தில் அவருடைய வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓர் அறையைத் தங்கக் கொடுத்தார்கள். கொரோனா எல்லாம் போன பிறகும் அவள் மாஸ்க் போட்டிருப்பாள். தூசி ஒத்துக்கொள்ளாது என்பாள். படியில் யார் ஏறினாலும் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். "முதலாளி வாராரு, செல்போன உள்ள வைலே" என்று அவள் சொல்லி முடிக்கும்போது முதலாளியின் வழுக்கை தெரியும். தெரியாத கால் என்றால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

கடையில் கார் ஓட்டுவது, பந்து உதைப்பது, சுடுவது என்று எத்தனையோ ஆட்டம் இருந்தது. அக்கா தொட்டது இரண்டே வகை. இரண்டுமே ஒளிந்து போகிற ஆட்டங்கள். முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று வருடக்கணக்காக ஒன்றுக்கொன்று போட்டியாக வந்தவை. அட்டையில் நீளமான இங்கிலீஷ் பெயர் இருக்கும். பையன்கள் ஒன்றை நிழல் ஆட்டம் என்றும் இன்னொன்றை உடுப்பு ஆட்டம் என்றும் சொன்னார்கள்.

நிழல் ஆட்டத்தில் ஆள் இருட்டில் போவான். விளக்கை அணைப்பான், தரை எப்படிப்பட்டது என்று பார்த்துக் காலை வைப்பான். உடுப்பு ஆட்டத்தில் எல்லாம் பட்டப்பகல். பெரிய ஓட்டல், விருந்து, கூட்டம். நம் ஆள் அங்கே வேலை செய்கிற ஒருவனுடைய உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, அத்தனை பேர் நடுவிலும் நடந்து போவான்.

இதில் எது உயர்ந்தது என்று கடையில் தினமும் வாக்குவாதம் நடக்கும். உடுப்பு ஆட்டத்துக்கு வக்கீல், பாலிடெக்னிக்கில் படிக்கிற ஒரு பையன். மீசையே முளைக்காததால் அவனை எல்லோரும் மீசை என்று கூப்பிட்டார்கள்.

"நிழல் ஆட்டம் ஒரு ஆட்டமாக்கா?" என்பான் மீசை. "அரை மணி நேரம் ஒரு பீப்பாய்க்குப் பின்னால உக்காந்திருக்கான். இதுல பாருங்க, சர்வர் சட்டையப் போட்டா சர்வர், தொப்பிய வச்சா சமையல்காரன். பகல்ல, நடு ஓட்டல்ல நடக்கான். இதுல்லா மூளை."

"அந்தச் சர்வர் சட்டைய எங்கன எடுத்தான்?"

"ஒருத்தன அடிச்சுப் போட்டுத்தான்."

"அடி வாங்குனவன் எந்திரிச்சு வந்தா?"

"எங்க வருவான்? பெட்டிக்குள்ள போட்டு மூடிருவோம்லா."

"அதத்தான் சொல்லுதேன். அவன் எந்திரிச்சே வரமாட்டான்னா அது மூளை இல்ல. ஆட்டம் ஒனக்குச் செய்யுத ஒத்தாசை."

மீசை விடமாட்டான். "அப்ப உங்க ஆட்டத்துல மட்டும் என்னவாம்? சத்தம் கேட்டு காவக்காரன் வாரான். செத்த நேரம் தேடுதான். எலியா இருக்கும்னு சொல்லிட்டு பழையபடி அவன் எடத்துல போய் நிக்கான். அது ஒத்தாசை இல்லியோ?"

அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுவும் ஒத்தாசைதான்" என்றாள். "அவன் மறக்கலன்னா யாராலயும் வெளையாட முடியாது. ஒருக்க பாத்துட்டான்னா சாவுற வரைக்கும் தேடுவான்னு வச்சா, எவம்லே அத வாங்குவான்?"

எனக்கு இந்த ஆட்டங்கள் கைக்கு வரவே இல்லை. பேக்கரி அடுப்பில் வெந்த விரல்கள், சின்னப் பொத்தானை அழுத்தினால் பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து அழுந்தும். ஆனால் அவள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பையன்கள் காவல்காரனை அடித்துச் சாய்த்துவிட்டுப் போவார்கள். அவள் ஒருவனையும் தொட மாட்டாள். அவன் திரும்பும்வரை காத்திருப்பாள், அவன் கொட்டாவி விட்டு நடக்கும்வரை காத்திருப்பாள். எங்கேயோ ஒருவன் "யாரது?" என்று லேசாகச் சந்தேகப்பட்டால்கூடப் போதும், முதலிலிருந்து ஆரம்பிப்பாள். "சும்மாதான கேட்டான், பாக்கலியே, மேல போங்கக்கா" என்று பையன்கள் கத்துவார்கள். "கேட்டுட்டான்லா" என்பாள்.

நிழல் ஆட்டத்தில் திரையின் அடியில் ஒரு சின்னக் கோடு உண்டு. இருட்டில் நின்றால் அது மங்கிக் கிடக்கும், வெளிச்சம் பட்டால் கூடும். அவள் ஆளைப் பார்த்து விளையாடினதைவிட அந்தக் கோட்டைப் பார்த்து விளையாடினதுதான் அதிகம்.

"எனக்கு இது ஒண்ணு போதும் அண்ணாச்சி" என்று ஒருநாள் காட்டினாள். "நாம இப்ப எவ்வளவு தெரியுதோம்னு சொல்லிருது பாருங்க. மீசை ஆட்டத்துல இப்படிக் கெடையாது. எல்லாரும் அவனவன் சோலியப் பாத்துட்டுப் போற மாதிரியே இருப்பான். எவன் நம்மள அடையாளம் கண்டான்னு, அவன் கையப் பிடிச்ச பெறவுதான் தெரியும்."

அவளுக்கு உடுப்பு ஆட்டத்தின் மேல் இன்னொரு குறையும் இருந்தது. அதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்துவிட்டோம். "இத்தன பெரிய ஓட்டலு, கல்யாண வீடு மாதிரி அத்தன சனம். புதுசா ஒரு சர்வர் தட்டத் தூக்கிட்டு வாரான். தம்பி, நீ எந்த ஊரு, யாரு மவன்னு ஒருத்தி கேக்காளா? வெள்ளக்காரன் செஞ்ச ஆட்டம், அதான். இங்கன உள்ளவன் செஞ்சிருந்தா மொத ஆள்லயே முடிஞ்சிரும்."

இதை அவள் சும்மா சொல்லவில்லை என்பது முதலாளி வீட்டுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். முதலாளியின் மனைவியை நாங்கள் மதினி என்போம். நல்ல மனுஷி. சோற்றைக் கணக்குப் பார்த்துப் போடத் தெரியாது. ஆனால் யாரைப் பார்த்தாலும் எந்த ஊர், யார் வீடு என்று கேட்டு, அங்கே தனக்கு ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்தால்தான் அவருக்கு மனசு ஆறும். என்னிடமும் கேட்டார். எனக்கு அப்பா இல்லை, அம்மா எங்கே என்று தெரியாது என்றதும், பாவம் என்று இன்னொரு தோசை வைத்துவிட்டு விட்டுவிட்டார். அக்காவை விடவில்லை.

"எந்த ஊருட்டி ஒனக்கு?"

"சங்கரன்கோயில் பக்கம் மதினி."

"சங்கரன்கோயில்ல எங்கன? எங்க சின்னம்மை மவ அங்கனதான் இருக்கா. கோயிலுக்குக் கெழக்கயா, மேக்கயா?"

அக்கா ஏதோ சொல்லிச் சமாளித்தாள். ஆனால் இந்தப் பக்கத்தில் எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அங்கே மதினிக்கு ஒரு சின்னம்மையோ பெரியம்மையோ இருந்தார்கள். தெரியாத ஊரைச் சொன்னால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்ள வேண்டும். தெரிந்த ஊராக ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதனால் ஒருநாள், "அம்மைக்கு வடகரை" என்று சொல்லிவிட்டாள். அது நிஜம். லீவுக்கெல்லாம் அங்கே போய் இருந்தவள். வயல் எந்தப் பக்கம், தென்னந்தோப்பு எந்தப் பக்கம் என்று கேட்டால் தயங்காமல் சொல்ல முடியும். மதினிக்குத் திருப்தியாகிவிட்டது. அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆனி பிறந்து சாரல் இறங்கியதும், முதலாளி இரண்டு டிவியையும் ஆட்டப் பெட்டிகளையும் குற்றாலம் லாட்ஜுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். வெளியூர்க்காரர்கள் பிள்ளைகளோடு வருவார்கள். மழையில் பிள்ளைகளை எங்கே கட்டிப்போடுவது? கீழ்ஹாலில் டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு எண்ணெய் தேய்க்கப் போய்விடுவார்கள். அக்காவும் நானும் அங்கே வந்தோம். அக்காவுக்கு முதலில் அந்த ஊரே பயமாக இருந்தது. ஈரத் துண்டும் எண்ணெய் வழிகிற தலையுமாகத் தெரு முழுக்க ஆட்கள். ஹாலில் எந்த மூலையில் ஸ்டூலைப் போட்டாலும் ஏதாவது ஒரு கதவு முதுகுக்குப் பின்னால் வந்தது. நாலு நாள் இடம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் மாடிப்படிக்கு அடியில் போட்டாள். தலை நிமிர முடியாது. ஆனால் முன்கதவும் தெரியும், சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கிற பின்கதவும் தெரியும்.

மதினிதான் ஒருநாள் விடியக்காலையில் அவளை ஐந்தருவிக்கு இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது உதடு நீலம் பாரித்து, பல் தந்தி அடித்தது. மாஸ்க் இல்லை. அவள் முகம் முழுவதையும் வெளிச்சத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். தாடையில் ஒரு சின்ன மச்சம் இருந்தது.

"அங்கன யாரும் யாரையும் பாக்கல அண்ணாச்சி" என்றாள். "தண்ணி விழுத வேகத்துல எல்லாரும் கண்ண இறுக்கி மூடிட்டு நிக்காவ. நான் மட்டுந்தான் தொறந்து வச்சிருந்தேன். அப்புறம் நானும் மூடிட்டேன்."

அதன்பிறகு தினமும் போனாள். வெள்ளம் என்று போலீஸ் விசில் ஊதி எல்லோரையும் விரட்டுகிற நாட்களில் மட்டும் போகாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். மாஸ்க் போடுவது குறைந்தது. மதுரையிலிருந்து வந்த பிள்ளைகளோடு சத்தமாகச் சண்டை போட்டாள். நான் கொடுத்த மங்குஸ்தானை உடைக்கத் தெரியாமல் சட்டையெல்லாம் கறையாக்கிக்கொண்டு, "விக்கிறவன் ஒடைச்சுக் குடுக்காண்டாமா?" என்று என்னையே திட்டினாள். இந்தச் சீசன் முடிந்தும் இங்கேயே இருந்துவிடலாம் என்று எனக்கேகூடத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

ஒரு மழை மத்தியானம், ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி நிழல் ஆட்டத்தில் ஒரு காமராவிடம் மாட்டிக்கொண்டே இருந்தாள். அக்கா அவள் பக்கத்தில் குனிந்து, "அவசரப்படாத. அது அந்தப் பக்கம் திரும்பும்லா, அப்ப ஓடு" என்று சொல்லிக்கொடுத்தாள். சிறுமி தாண்டிவிட்டாள். அக்கா என் பக்கம் திரும்பி, சாதாரணமாகச் சொன்னாள்:

"ஆட்டத்துல வைக்கிற காமரா எல்லாம் தலைய ஆட்டிட்டே இருக்கும் அண்ணாச்சி. நமக்கு வழி விடணும்லா. எங்க வீட்டுல உள்ளது ஆடாது."

எங்க வீடு என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் வாளியைக் கீழே வைத்தேன்.

புருஷன் மிலிட்டரி. வடக்கே எல்லைப் பக்கம் வேலை. கல்யாணம் முடிந்து லீவு தீர்ந்ததும், சுரண்டைக்குப் பக்கத்தில் இருந்த வீட்டில் காமராக்களை மாட்டிவிட்டுப் போனான். ஹாலில், சமையலறையில், முற்றத்தில், வாசலில், கடைசியாக அவர்கள் படுக்கிற அறையில். அங்கிருந்து செல்போனில் பார்ப்பான். பார்த்துவிட்டுக் கூப்பிடுவான். வாசலுக்கு ஏன் இரண்டு தடவை போனாய்? யாரைப் பார்த்துச் சிரித்தாய்? மத்தியானம் ஏன் படுத்திருந்தாய், உடம்புக்கு என்ன? குரலை உயர்த்தியதே இல்லையாம். பனியில் நின்றுகொண்டு ரொம்ப அன்பாகத்தான் கேட்பானாம்.

"அடுக்களையில ஃபிரிட்ஜுக்கும் செவருக்கும் நடுவுல கொஞ்சம் எடம் உண்டு. அங்கன நின்னா எதுலயும் தெரியாது" என்றாள். "கொஞ்ச நேரம் போய் நிப்பேன். ஒண்ணும் செய்ய மாட்டேன். சும்மா நிப்பேன். அதையும் கண்டுபிடிச்சிட்டாரு. ஃபிரிட்ஜ நவுத்தச் சொல்லிட்டாரு."

"வீட்டுல சொல்லலியா?"

"அம்மைகிட்ட சொன்னேன். அடிக்கானாட்டின்னு கேட்டா. இல்லன்னேன். குடிக்கானா? இல்ல. வேற பொம்பள? இல்லம்மா, பாத்துக்கிட்டே இருக்காரும்மான்னு சொன்னேன். அம்மை சிரிச்சுட்டா. பொண்டாட்டியப் பாக்காம வேற யாரப் பாப்பான்னு."

மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்டு இருக்காது என்று பேப்பரில் போடுவார்கள். அப்படி ஒரு நாளில்தான் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் மட்டும்தான் ஓடும், காமரா ஓடாது. மாமியார் கோயிலுக்குப் போன நேரம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, எழுந்து போய்ச் சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்து, "அங்கன ஒருத்தன் வாரான் பாரு, கீழ குனி" என்றாள்.

நான் பார்த்த கஷ்டமெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கஷ்டம். பசி, அடி, கொசு, சம்பளம் தராத மேஸ்திரி. ஒருவன் அன்பாகப் பார்த்துக்கொண்டே இருப்பதை எந்தக் கணக்கில் வைப்பது?

ஆடி பிறப்பதற்கு முந்தி, சுரண்டையில் ஒரு கல்யாணம் என்று மதினி போனார். திரும்பி வந்தவர் சேலையைக்கூட மாற்றாமல் நேரே லாட்ஜ் சமையலறைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மதினி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க அம்மையப் பாத்தேன்ட்டி."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"பந்தியில எனக்குப் பக்கத்து எல. எந்த ஊருன்னு கேட்டேன், பொறந்த ஊரு வடகரைன்னாவ. ஒரு மக வீட்ட விட்டுப் போயிட்டா, உசுரோட இருக்காளான்னே தெரியலன்னு சொல்லி எலையில கையே வைக்கல. எனக்கு மனசு கேக்கல. தாடையில மச்சம் உண்டான்னு கேட்டேன். அப்படியே என் மடியில விழுந்துட்டாவ பாவம்."

"என்ன சொன்னீய மதினி?"

"ஒண்ணும் சொல்லலட்டி. நல்லா இருக்கா, பத்திரமா இருக்கான்னு மட்டுந்தான். யாருட்டயும் சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் சொன்னேன்."

"எங்கன இருக்கேன்னு சொன்னீயளா?"

"பெத்தவகிட்ட அதச் சொல்லாம எப்படிட்டி வர?"

மதினிக்கு அப்போதும் தான் செய்தது என்ன என்று தெரியவில்லை. பிள்ளை சந்தோஷப்படும் என்று நம்பி வந்திருந்தார். அக்கா அவரைத் திட்டவில்லை. "சரி மதினி" என்று சொல்லி மிச்ச வெங்காயத்தையும் நறுக்கி முடித்தாள்.

அவள் வெளியே வந்ததும், கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த பேக்கரியைப் பற்றிச் சொன்னேன். பெண்கள் தங்க இடம் உண்டு, சொன்னால் எடுத்துக்கொள்வார்கள், காலையில் முதல் பஸ்ஸில் போய்விடலாம் என்றேன். தலையாட்டினாள். பையையும் கட்டினாள். ஆனால் காலையில் நான் எழுந்து பார்த்தபோது மாடிப்படிக்கு அடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். டிவி போட்டிருந்தது. பை காலடியில் இருந்தது.

"பஸ்ஸு போயிருமே" என்றேன்.

"அம்மை வருவா அண்ணாச்சி. வந்து பாத்து, ஆளக் காணலன்னா, திரும்ப எப்படிப் போவா?" என்றாள்.

முதலாளியிடம் போனேன். ஒரு வார்த்தை நீங்கள் பேசிப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். "மதி மதி, போதும். அது அவங்க குடும்ப விஷயம். மிலிட்டரிக்காரன் கம்ப்ளைண்ட் குடுத்தா லாட்ஜுக்குத்தான் கெட்ட பேரு" என்று சொல்லிவிட்டார்.

பத்து மணி வாக்கில் வாடகைக் கார் ஒன்று வந்து வாசலில் நின்றது. முன்சீட்டில் இருந்த அக்காவின் தாய்மாமன் இறங்கவில்லை. அம்மா மட்டும் இறங்கி, சாரலில் நனைந்துகொண்டே வந்தார். நான் ஏதோ ஒரு பெரிய மனுஷியை எதிர்பார்த்திருந்தேன். சின்ன உடம்பு. செருப்பை வெளியே கழற்றி ஓரமாக வைத்தார். நேரே வந்து அக்காவின் தாடையைத் தொட்டார்.

"இளைச்சிட்டியேட்டி."

அம்மா இலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்த பிச்சிப்பூவைப் பிரித்து, கேட்காமலே அவள் தலையில் வைத்தார். ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசினார். "தங்கச்சியப் பொண்ணு கேட்டு வெள்ளிக்கெழம வாராவ. நல்ல எடம். மூத்தவ எங்கன்னு மொதல்ல கேப்பாவ. மெட்ராசுல படிக்கான்னு எத்தன நாளு சொல்லுவேன்? அவ மொகத்தப் பாக்க முடியலட்டி எனக்கு."

"காமரா?" என்றாள் அக்கா.

"அதெல்லாம் கழத்தியாச்சு. மாப்ளயே சொல்லிட்டாரு, அவளுக்குப் புடிக்கலன்னா வேண்டாம்னு. அவரு தங்கம்ட்டி. வாசல்ல மட்டும் ஒண்ணு கெடக்கட்டும்னாரு, கள்ளன் பயத்துக்கு."

"வாசல்ல எந்தப் பக்கம் பாத்து?"

"என்னது?"

"வெளியப் பாத்தாம்மா, வீட்டப் பாத்தா?"

அம்மா பூவிலிருந்து கையை எடுத்தார். உண்மையிலேயே யோசித்தார். "அது எனக்கு என்னட்டி தெரியும்" என்றார்.

நான் சமையலறைப் பக்கம் போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை விலக்கினேன். கதவைக் கொஞ்சம் திறந்தும் வைத்தேன். அதைத் தாண்டினால் சந்து, சந்தைத் தாண்டினால் கடைவீதி. சீசன் கூட்டத்தில் ஒரு ஆள் கரைந்து போக ஒரு நிமிஷம் போதும். கதவு திறந்ததில் ஈரக்காற்று ஹாலுக்குள் வந்தது. அக்கா திரும்பி அந்தக் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அம்மாவின் கை அவள் மணிக்கட்டில் லேசாகத்தான் இருந்தது. இழுத்தால் வந்துவிடும்.

"சாத்திருங்க அண்ணாச்சி. பிள்ளைங்க வெளையாடுத எடம், சாரல் அடிக்கும்" என்றாள்.

அவளுடைய பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அம்மா என்னைப் பார்த்து, "நீங்கள்லாம் நல்லா இருக்கணும்யா. சொந்த ஆளு மாதிரி பாத்துக்கிட்டியளாமே" என்று கைகூப்பினார். மதினி அழுதுகொண்டே ஒரு பையில் பழங்களைக் கட்டிக் கொடுத்தார். டிவி முன்னால் இருந்த ஒரு சிறுமி, "அக்கா, அடுத்த கதவ எப்படித் தொறக்க?" என்று ஹாலுக்குள்ளிருந்து கேட்டாள்.

காரில் அக்கா பின்சீட்டில் ஏறிக் கண்ணாடி ஓரமாக உட்கார்ந்தாள். அம்மா இந்தப் பக்கம் ஏறினார். கதவைச் சாத்தப் போன என்னை, "இருங்கய்யா, செத்த நேரம்" என்றார். அவர் மடியில் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்து முகம் மலர்ந்து, "மாப்ளதான். வீடியோல வாராரு" என்றார்.

போனை நீட்டி அக்காவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அந்தப் பக்கத்தில் காற்று இரைகிற சத்தம் கேட்டது. "இந்தா பாருங்க மாப்ள, கூட்டியாந்துட்டேன்" என்றார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, நழுவிய பூவை முன்னால் எடுத்துவிட்டுக்கொண்டாள்.

மெல்லிய, மரியாதையான குரல் ஒன்று, மங்கலாக இருக்கு அத்தை என்றது. திறந்த கதவு வழியாகச் சாரல் போனின் மேல் அடித்திருந்தது. அம்மா போனைத் திருப்பி, அதன் கண்ணை முந்தானையால் அழுத்தித் துடைத்தார். மறுபடியும் நேராகப் பிடித்தார். இந்த முறை கை ஆடாமல் இருக்க இன்னொரு கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டார்.

"இப்ப நல்லாத் தெரியுதாளா மாப்ள?" என்று கேட்டார்.